ஆராய்ச்சிச் செலவை எந்தெந்த அமைப்புகள் மாற்றுகின்றன: விண்வெளி உத்தி விளையாட்டுகளுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்வெளி உத்தி விளையாட்டில் புதிய ஆட்டம் தொடங்கும்போது முதலில் வரும் திரையிலேயே பத்து இருபது அமைப்புகள் வரிசையாக நிற்கும். விண்மீன் மண்டலத்தின் அளவு, எதிரிகளின் எண்ணிக்கை, வாழத்தகுந்த கோள்களின் அளவு, கடினநிலை என்று நீளும் அந்தப் பட்டியலில் ஆராய்ச்சிச் செலவு என்பதும் ஒரு வரியாக இருக்கும். புதியவர்களில் பலர் அந்த வரியைத் தொடாமலே விட்டுவிடுவார்கள்; வேறு சிலர், செலவு கூடினால் ஆட்டம் கடினமாகும், குறைந்தால் எளிதாகும் என்று எண்ணிக்கொண்டு மாற்றுவார்கள். அப்படி ஒரு நேர்கோட்டு உறவு இதில் கிடையாது. செலவை இரட்டிப்பாக்கிய ஆட்டம் சில வேளைகளில் எளிதாகவே முடிவதும் உண்டு, பாதியாகக் குறைத்த ஆட்டத்தில் எதிரிகள் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்து நம்மை விழுங்குவதும் உண்டு.

இதற்குக் காரணம், ஆராய்ச்சிச் செலவு என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை என்பதே. ஒரு மாதத்தில் அல்லது ஒரு சுற்றில் நமக்கு எவ்வளவு ஆராய்ச்சிப் புள்ளி கிடைக்கிறது, எதிரிக்கு எவ்வளவு கிடைக்கிறது, ஆட்டத்தின் பெரிய நிகழ்வுகள் எந்த ஆண்டில் வந்து நிற்கின்றன ஆகிய மூன்றோடும் சேர்த்துப் படித்தால்தான் அது பொருள் தரும். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பைப் படிப்படியாகச் செய்து காட்ட முயல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2016இல் பாரடாக்ஸ் வெளியிட்ட ஸ்டெல்லாரிஸ் விளையாட்டிலிருந்து வருகின்றன. அமைப்புகளை இவ்வளவு வெளிப்படையாகத் திறந்து வைத்திருக்கும் விளையாட்டுகள் குறைவு என்பதுதான் காரணம். தேவைப்படும் இடங்களில் மற்ற விளையாட்டுகளையும் தொட்டுக்கொள்வோம்.

முதல் படி: எந்த அமைப்பு உண்மையில் செலவைத் தொடுகிறது என்று பிரித்தறிதல்

வேகம் என்ற சொல் இந்த விளையாட்டுகளில் மூன்று வெவ்வேறு பொருள்களில் வருகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. முதலாவது, திரையில் கடிகாரம் ஓடும் வேகம். ஸ்டெல்லாரிஸ் போன்ற நிகழ்நேர விளையாட்டுகளில் ஆட்டத்தின் நடுவே இதைக் கூட்டவும் குறைக்கவும் இயலும், வேண்டும்போது நிறுத்தியும் வைக்கலாம். இது நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டுமே மாற்றுகிறது. ஒரு தொழில்நுட்பம் இருபது மாதம் எடுக்குமானால் கடிகாரம் எந்த வேகத்தில் ஓடினாலும் அது இருபது மாதமே எடுக்கும்.

இரண்டாவது, ஆட்டத்தின் ஒட்டுமொத்த நடை. எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 போன்ற சுற்றுமுறை விளையாட்டுகளில் ஆட்டம் தொடங்கும்போதே வேகமான நடை, இயல்பான நடை, மெதுவான நடை என்று தேர்ந்தெடுக்கிறோம். இது ஆராய்ச்சியை மட்டுமல்லாமல் கட்டுமானம், வளர்ச்சி முதலிய பலவற்றையும் சேர்த்தே நீட்டுகிறது அல்லது சுருக்குகிறது. எல்லாம் ஒன்றாக நீள்வதால் ஆராய்ச்சிக்கும் கட்டுமானத்துக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் கப்பல்கள் நகரும் வேகம் அதே அளவில் மாறாவிட்டால், மெதுவான நடையில் ஒரு கப்பல் காலாவதியாகும் முன் அதிகத் தொலைவு போகும், அதிகப் போர்களில் சண்டையிடும். படையெடுப்பை விரும்புகிறவர்கள் மெதுவான நடையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதுதான் ஆராய்ச்சிச் செலவுக்கான தனிப் பெருக்கி. ஸ்டெல்லாரிஸில் இதைக் கால் மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை வைத்துக்கொள்ளலாம். கப்பலின் விலையும் கட்டடத்தின் விலையும் அப்படியே நிற்க, தொழில்நுட்பத்தின் விலை மட்டும் மாறுவதால் ஆட்டத்தின் விகிதங்களே மாறிப்போகின்றன. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகையைப் பற்றியதே. பதிப்பைப் பொறுத்து, மரபுகள் (பேரரசுக்கு நிலையான சலுகை தரும் தேர்வுகள்) போன்ற வேறு சிலவற்றின் செலவும் இதே அமைப்போடு சேர்ந்து நகரக்கூடும் என்பதால், சுட்டியை அமைப்பின் மேல் நிறுத்தி அங்கே தோன்றும் குறிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

சில விளையாட்டுகள் செலவைத் தொடாமல் ஆராய்ச்சியின் வேகத்தை விழுக்காட்டில் மாற்ற விடுகின்றன. அரோரா 4எக்ஸ் அப்படிப்பட்டது. இங்கே எண்ணைப் படிப்பதில் ஒரு சிறு பொறி உண்டு. வேகம் 50 விழுக்காடு என்றால் செலவு 2 மடங்கு என்பதற்குச் சமம், 25 விழுக்காடு என்றால் 4 மடங்கு, 20 விழுக்காடு என்றால் 5 மடங்கு. 100இலிருந்து 75க்கு இறங்குவதும் 50இலிருந்து 25க்கு இறங்குவதும் பார்வைக்கு ஒரே அளவு இறக்கமாகத் தோன்றினாலும், முன்னது காலத்தை மூன்றில் ஒரு பங்கு நீட்டுகிறது, பின்னது காலத்தை இரட்டிப்பாக்குகிறது.

இரண்டாம் படி: புள்ளிகளை மாதங்களாக மாற்றுதல்

எந்தச் செலவையும் புள்ளிகளில் பார்க்காமல் காலத்தில் பார்க்கப் பழக வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் பேரரசுக்கு மாதம் 100 ஆராய்ச்சிப் புள்ளி வருகிறது. 2,000 புள்ளி விலையுள்ள ஒரு தொழில்நுட்பம், முடிந்த பிறகு ஆராய்ச்சி வரவை 10 விழுக்காடு கூட்டும் என்கிறது. இயல்பான அமைப்பில் அதை முடிக்க 20 மாதம் ஆகும். அதன்பின் மாதம் 10 புள்ளி கூடுதலாக வரும். போட்ட 2,000 புள்ளி திரும்பி வர 200 மாதம் பிடிக்கும். மொத்தம் 220 மாதம், அதாவது 18 ஆண்டு 4 மாதம்.

அதே தொழில்நுட்பம் 2 மடங்கு அமைப்பில் 4,000 புள்ளி கேட்கும். முடிக்க 40 மாதம், முதலைத் திரும்பப் பெற 400 மாதம், மொத்தம் 36 ஆண்டு 8 மாதம். பாதிச் செலவு அமைப்பிலோ 10 மாதமும் 100 மாதமும் சேர்ந்து 9 ஆண்டு 2 மாதத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. நடைமுறையில் அடிப்படை வரவும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் 10 விழுக்காடு என்பது பிறகு 20 புள்ளியாகவும் 50 புள்ளியாகவும் ஆகும். ஆகவே உண்மைக் காலம் இதைவிடக் குறைவு. இருந்தாலும் மூன்று அமைப்புகளுக்கும் இடையிலான விகிதத்தை இந்த எளிய கணக்கே காட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். ஆராய்ச்சியைப் பெருக்கும் தொழில்நுட்பங்கள் விதைநெல் போன்றவை, ஆகவே அவற்றை எப்போதும் முதலில் முடிக்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லப்படுவது வழக்கம். செலவு குறைந்த ஆட்டத்தில் அது முற்றிலும் சரி. செலவு மிகுந்த ஆட்டத்திலோ, அதே வேலையைச் செய்யும் ஓர் ஆய்வுக்கூடக் கட்டடத்தின் விலை மாறாமல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கட்டடத்துக்கான தாதுப்பொருளை ஆராய்ச்சிப் பெருக்கி தொடுவதில்லை. எனவே பெருக்கி கூடக்கூட, ஆராய்ச்சி வரவைக் கூட்டத் தொழில்நுட்பத்தை நம்புவதைவிடக் கட்டடங்களையும் மக்களையும் கோள்களையும் நம்புவது மலிவாகிறது. செலவு 3 மடங்குக்கு மேல் போன ஆட்டங்களில் தாது உற்பத்திதான் மறைமுகமான ஆராய்ச்சி வளம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: விலை ஏறும் விதத்தைப் பார்த்தல்

எல்லாத் தொழில்நுட்பங்களும் ஒரே விலையில் இருப்பதில்லை. மட்டம் ஏற ஏற விலையும் ஏறும். அது எப்படி ஏறுகிறது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடுகிறது. 1993இல் வெளிவந்த முதல் மாஸ்டர் ஆஃப் ஓரையனில் ஒரு தொழில்நுட்பத்தின் விலை அதன் மட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி உயர்ந்தது. பத்தாம் மட்டத்துக்கும் இருபதாம் மட்டத்துக்கும் இடையே விலை நான்கு மடங்காகும். இப்படி வளைந்து ஏறும் விலையோடு ஒரு பெருக்கியைச் சேர்த்தால், ஏட்டில் அது எல்லா மட்டத்தையும் ஒரே விகிதத்தில் உயர்த்தினாலும், ஆட்டத்தில் உணரப்படும் விதம் இடத்துக்கு இடம் மாறும்.

தொடக்கத்தில் பேரரசின் வரவு மிகச் சிறியது, அதைக் கூட்டும் வழிகளும் குறைவு. ஆகவே 5 மடங்கு அமைப்பில் முதல் தொழில்நுட்பம் உண்மையிலேயே ஐந்து மடங்கு காலம் எடுக்கும். இரண்டு ஆண்டில் முடிய வேண்டியது பத்து ஆண்டு ஆகும். ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது கட்டடங்கள், கூடுதல் கோள்கள், அறிவியலாளர்களின் திறன் எல்லாம் சேர்ந்து வரவைப் பலமடங்கு ஆக்கியிருக்கும். அப்போது செலவு ஐந்து மடங்காக இருந்தாலும் தாமதம் முன்போல உறுத்தாது. இறுதிப் பகுதியில், தொழில்நுட்ப மரம் (ஒன்றை முடித்தால் அடுத்தது திறக்கும்படி கிளைவிடும் தொழில்நுட்ப வரிசை) முழுதும் முடிந்து திரும்பத் திரும்ப ஆராயத்தக்க தொழில்நுட்பங்கள் மட்டும் எஞ்சும் நிலையில், பெருக்கியின் விளைவு மீண்டும் துலக்கமாகும். ஆகவே உயர்ந்த பெருக்கியை முதன்முறை முயல்கிறவர்கள் முதல் முப்பது ஆண்டுகள் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும் என்பதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். அந்தச் சலிப்பைத் தாங்காமல் ஆட்டத்தைக் கைவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

தொடக்கத் தொழில்நுட்ப மட்டத்தைத் தேர்ந்தெடுக்க விடும் விளையாட்டுகளில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. மாஸ்டர் ஆஃப் ஓரையன் 2இல் ஒளியை மிஞ்சும் பயணத்துக்கு முந்தைய நிலை, சராசரி நிலை, முன்னேறிய நிலை என மூன்றிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். முன்னேறிய நிலையில் தொடங்கினால் மரத்தின் மலிவான அடிக்கிளைகள் கையில் இருக்கும். விலை வளைவின் செங்குத்தான பகுதியில்தான் நாம் ஆட்டத்தையே ஆரம்பிக்கிறோம்.

நான்காம் படி: பெயரில் ஆராய்ச்சி இல்லாத அமைப்புகள்

வாழத்தகுந்த கோள்களின் அளவு என்ற அமைப்பை யாரும் ஆராய்ச்சியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆனால் கோள்கள் மிகுந்தால் குடியேற்றம் மிகும், மக்கள்தொகை மிகும், ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோர் மிகுவர், மாதவரவு உயரும். ஆராய்ச்சிச் செலவை 2 மடங்காக வைத்துவிட்டுக் கோள்களையும் 2 மடங்காக வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்; அமைப்புத் திரையில் கடினமாகத் தோன்றும் ஆட்டம் இயல்பான வேகத்திலேயே ஓடும். மறுபுறம், செலவை இயல்பாகவே விட்டுக் கோள்களைக் கால் மடங்காகக் குறைத்தால் அது மறைமுகமாக ஆராய்ச்சியை மிகவும் விலையுயர்ந்ததாக்கும்.

விண்மீன் மண்டலத்தின் அளவும் அப்படியே. ஸ்டெல்லாரிஸில் 200 விண்மீன்களிலிருந்து 1,000 விண்மீன்கள் வரை மண்டலத்தை அமைக்கலாம். மண்டலம் பெரிதாவதால் தொழில்நுட்பத்தின் விலை தானாகக் கூடுவதில்லை. எனவே எதிரிகள் குறைவான பெரிய மண்டலத்தில் நிறைய இடம் பிடிக்கிறவர் மரத்தை வெகு சீக்கிரம் முடித்துவிடுவார், ஆட்டத்தின் பின்பாதி வெறுமையாகிவிடும். பெரிய மண்டலத்தை விரும்புகிறவர்கள் செலவை ஒன்றரை மடங்கு அல்லது இரண்டு மடங்கு வைப்பது இதனால்தான். வேறு சில விளையாட்டுகள் மண்டலத்தின் அளவுக்கேற்பச் செலவைத் தாமே கூட்டிக்கொள்ளும். அவற்றில் நாமும் பெருக்கியைக் கூட்டினால் இரட்டைச் சுமை ஏறும். ஒரே தொழில்நுட்பத்தின் விலையைச் சிறிய மண்டலத்திலும் பெரிய மண்டலத்திலும் முதல் நாளிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டால் இது எந்த வகை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேரரசின் பரப்புக்கான தண்டனை இன்னொன்று. ஸ்டெல்லாரிஸில் பேரரசின் அளவு (குடியேற்றங்கள், மக்கள் முதலியவற்றைக் கூட்டிக் கணக்கிடும் எண்) 100ஐத் தாண்டியதும் ஒவ்வோர் அலகுக்கும் தொழில்நுட்பச் செலவு சிறு விழுக்காடு கூடும். துல்லியமான விழுக்காடு பதிப்புகளுக்கிடையே மாறிவந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, செலவு அதிகமான ஆட்டத்தில் பேரரசைச் சிறியதாகவே வைத்திருக்க வேண்டும் என்று பலர் முடிவு செய்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மாதவரவு 400 புள்ளி, ஒரு புதிய குடியேற்றம் மொத்தச் செலவை இப்போதுள்ளதைவிட 3 விழுக்காடு உயர்த்தும் என்று கொள்வோம். அந்தக் குடியேற்றம் மாதம் 12 புள்ளியாவது தந்தால் நட்டமில்லை, அதற்கு மேல் தந்தால் இலாபம். இந்த 12 என்ற எண்ணில் பெருக்கி எங்கும் வரவில்லை. பரப்புத் தண்டனையும் பெருக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கப்படும் வரை, செலவு 1 மடங்கானாலும் 5 மடங்கானாலும் அதே 12தான் எல்லைக்கோடு. மாறுவது ஒன்றே ஒன்று: உயர்ந்த பெருக்கியில், பயன் தராத புதிய குடியேற்றம் வளர்ந்து அந்த 12ஐத் தொடும் வரை நாம் இழக்கும் காலம், தொழில்நுட்பங்களின் எண்ணிக்கையில் அளந்தால் சிறியது. ஆகவே பொறுமையாக விரிவது உயர்ந்த பெருக்கியில் உண்மையில் பாதுகாப்பானது.

தொழில்நுட்பப் பரிமாற்றத்தை அனுமதிக்கும் அமைப்பு இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் வரிசையில் தொழில்நுட்பங்களை வாங்கவும் விற்கவும் இயலும், வேண்டாம் என்றால் நிறுத்தியும் வைக்கலாம். பரிமாற்றம் திறந்திருக்கையில் ஆறு பேரரசுகள் ஆளுக்கொன்றை ஆராய்ந்து தமக்குள் விற்றுக்கொண்டால், செலவுப் பெருக்கி எவ்வளவாக இருந்தாலும் அதன் வலிமையில் பெரும்பகுதி கரைந்துவிடும். மெதுவான ஆட்டம் வேண்டுமென்று செலவைக் கூட்டுகிறவர்கள் பரிமாற்றத்தையும் மூடிவிடுவது பொருத்தம்.

ஐந்தாம் படி: கடினநிலை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தல்

கடினநிலையைக் கூட்டினால் நமக்குச் செலவு கூடுகிறதா, எதிரிக்கு வரவு கூடுகிறதா என்பது ஒவ்வொரு விளையாட்டிலும் தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி. முதல் மாஸ்டர் ஆஃப் ஓரையனில் கடினநிலை ஏற ஏற விளையாடுபவரின் ஆராய்ச்சிச் செலவே ஏறியது. ஸ்டெல்லாரிஸில் நம் செலவு மாறாது. கிராண்ட் அட்மிரல் போன்ற மேல்நிலைகளில் கணினிப் பேரரசுகளுக்கு உற்பத்தியில் பெரிய சலுகை கிடைக்கும்.

இந்த இரண்டாவது முறையில் ஆராய்ச்சிப் பெருக்கியின் விளைவு நுட்பமானது. பெருக்கி எல்லாருக்கும் பொது. எதிரிக்கும் அதே உயர்ந்த செலவுதான். எனவே செலவு கூடினால் தொழில்நுட்ப இடைவெளி உருவாவது மெதுவாகிறது. ஆனால் எதிரியின் உற்பத்திச் சலுகை கப்பல்களுக்கும் பொருந்துகிறது, கப்பலின் விலை கூடவில்லை. தொழில்நுட்பத்தில் முந்தி நின்று குறைந்த கப்பல்களால் நிறையக் கப்பல்களை வெல்வதே மனித ஆட்டக்காரரின் வழக்கமான தந்திரம். செலவு கூடிய ஆட்டத்தில் அந்தத் தந்திரத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை எண்ணிக்கைதான் பேசும், எண்ணிக்கையோ எதிரியின் பக்கம் இருக்கும். ஆகவே உயர்ந்த கடினநிலையையும் உயர்ந்த செலவையும் சேர்த்து வைப்பது, தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத அளவுக்கு ஆட்டத்தைக் கடினமாக்குகிறது. புதியவர்கள் ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுவதே முறை.

ஆறாம் படி: ஆண்டுக் கணக்கைச் சரிசெய்தல்

செலவை மாற்றியவர்கள் மிகுதியாகத் தவறவிடும் இடம் இது. ஸ்டெல்லாரிஸில் ஆட்டம் 2200இல் தொடங்குகிறது. நடுக்கட்டம் 2300இல், இறுதிக்கட்டம் 2400இல், வெற்றி ஆண்டு 2500இல் என்பது இயல்பான அமைப்பு. இறுதிக்கட்ட ஆண்டைத் தாண்டியதும் மண்டலம் முழுவதையும் தாக்கும் நெருக்கடி எப்போது வேண்டுமானாலும் எழலாம். அது ஆண்டைப் பார்த்து வருகிறது, உங்கள் தொழில்நுட்பத்தைப் பார்த்து வருவதில்லை.

செலவை 3 மடங்காக வைத்துவிட்டு ஆண்டுகளைத் தொடாமல் விட்டால், இயல்பான ஆட்டத்தில் பெரிய போர்க்கப்பல்களான பேட்டில்ஷிப்களின் படையோடு எதிர்கொள்ள வேண்டிய நெருக்கடியை அவற்றைவிடச் சிறிய குரூசர்களை வைத்துக்கொண்டு எதிர்கொள்ள நேரிடும். நேர்மாறாகச் செலவைக் கால் மடங்காக்கினால், நெருக்கடி வரும்போது உங்களிடம் எல்லாம் முடிந்திருக்கும். அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இரண்டுமே சுவையற்ற முடிவுகள்.

சரிசெய்வதற்குத் துல்லியமான வாய்ப்பாடு கிடையாது. முன்பே பார்த்தபடி, பெருக்கி 2 ஆனால் மரத்தை முடிக்கும் காலம் அப்படியே இரட்டிப்பாவதில்லை, வரவும் சேர்ந்து வளர்வதால் அதைவிடக் குறைவாகவே நீளும். எனவே செலவை 2 மடங்காக்கினால் நடுக்கட்டத்தையும் இறுதிக்கட்டத்தையும் 50 ஆண்டு தள்ளிவைப்பது நல்ல தொடக்கம். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்தமுறை கூட்டலாம், குறைக்கலாம். ஆண்டுகளைத் தள்ள மனமில்லையென்றால் நெருக்கடியின் வலிமை என்ற தனி அமைப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் வலிமையைக் குறைப்பது நெருக்கடியை மட்டுமே தணிக்கும், நடுக்கட்ட நிகழ்வுகள் பழைய ஆண்டிலேயே வந்து நிற்கும்.

நிலையான வலிமை கொண்ட பிற எதிரிகளையும் இங்கேயே எண்ணிப் பாருங்கள். வீழ்ந்த பேரரசுகள் எனப்படுபவை தொடக்கத்திலேயே உயர்ந்த தொழில்நுட்பத்தோடும் வலிய படையோடும் இருப்பவை. அவை முன்னேறுவதற்கு நம்மைப் போல மரத்தின் அடியிலிருந்து ஏற வேண்டியதில்லை. நம் முன்னேற்றம் மெதுவாகும்போது அவற்றின் முன் நாம் பணிந்து நிற்கும் காலம் நீள்கிறது. மண்டலத்தில் காவல் நிற்கும் பெரும் விலங்குகளும் அப்படியே. செலவு மிகுந்த ஆட்டத்தில் வீழ்ந்த பேரரசுகளின் எண்ணிக்கையை ஒன்று குறைப்பது கோழைத்தனம் ஆகாது.

ஏழாம் படி: செலவு கூடிய ஆட்டத்தில் விளையாடும் முறையை மாற்றுதல்

அமைப்பை மாற்றியவர் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். முதலில் கப்பல்கள். கார்வெட், டிஸ்ட்ராயர், குரூசர், பேட்டில்ஷிப் என்று போகும் ஏணியில் ஒவ்வொரு படியிலும் அதிகக் காலம் நிற்கப் போகிறீர்கள். இயல்பான ஆட்டத்தில் டிஸ்ட்ராயரைத் தவிர்த்துவிட்டுக் குரூசருக்குத் தாவுவது அறிவுடைமையாக இருக்கலாம். இங்கே டிஸ்ட்ராயர்களே பல பத்தாண்டு உங்கள் முதன்மைப் படையாக இருக்கும் என்பதால் அவற்றின் வடிவமைப்பில் நேரம் செலவிடுவது வீண்போகாது. படைக்கு ஒதுக்கும் உலோகக் கலவையையும் தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் இன்று கட்டும் கப்பல் நெடுநாள் காலாவதியாகாது.

அடுத்தது தேர்வுகள். ஸ்டெல்லாரிஸில் ஒரு தொழில்நுட்பம் முடிந்ததும் சில மாற்றுகள் மட்டுமே சீட்டுகள் போல முன்னே விரிகின்றன. மலிவான ஆட்டத்தில் தவறான சீட்டை எடுத்தாலும் ஓரிரு ஆண்டில் திருத்திக்கொள்ளலாம். 5 மடங்கு அமைப்பில் ஒரு தவறான சீட்டு ஒரு பத்தாண்டையே விழுங்கும். அதனால் மாற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் எந்தச் சலுகையும் இந்த அமைப்பில் மதிப்புக் கூடுகிறது.

மூன்றாவதாக, வெகுமதிகள். அரும்பொருள் ஆய்வு, நிகழ்வுகள், சிதைந்த கப்பல்களின் ஆய்வு போன்றவற்றிலிருந்து ஆராய்ச்சி கிடைக்கும்போது அது எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். நிலையான புள்ளிகளாக வந்தால் உயர்ந்த பெருக்கியில் அதன் மதிப்புச் சுருங்கிவிடும்: 500 புள்ளி என்பது 2,000 விலையில் கால்பங்கு, 10,000 விலையில் இருபதில் ஒரு பங்கு. மாறாக ஒரு தொழில்நுட்பத்தின் முன்னேற்றத்தில் இத்தனை விழுக்காடு என்று வந்தால், செலவு எவ்வளவு கூடினாலும் அந்த விழுக்காடு குறையாது. பெருக்கி 5 ஆகும்போது அதன் புள்ளி மதிப்பும் ஐந்து மடங்காகிறது. போர்க்களத்தில் சிதறிக் கிடக்கும் எதிரிக் கப்பல்களை ஆய்ந்து கிடைக்கும் முன்னேற்றம் இந்த வகை. செலவு மிகுந்த ஆட்டத்தில் நம்மைவிட முன்னேறிய ஒருவரோடு சிறு மோதல் நடத்தி, சிதைவுகளை ஆய்வுக் கப்பல் கொண்டு பொறுக்குவது, ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டு உழைப்பதற்கு ஈடாகலாம். அறிவியலாளரை அந்த வேலைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

எட்டாம் படி: செலவு குறைந்த ஆட்டத்தின் தனிச்சிக்கல்கள்

மலிவான ஆராய்ச்சியில் எதுவும் சிக்கல் இராது என்று தோன்றும். ஆனால் சில விளையாட்டுகள் குறைந்தபட்சக் காலம் என்ற தடையை வைத்திருக்கின்றன. திறமூல விளையாட்டான ஃப்ரீஓரையனில் ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் செலவோடு குறைந்தபட்சச் சுற்றுகளும் உண்டு. ஒரு சுற்றில் அதன்மேல் செலவிடக்கூடிய உச்ச அளவு, மொத்தச் செலவை அந்தச் சுற்றுகளால் வகுத்த அளவே. செலவைப் பாதியாக்கினாலும் சுற்றுகள் பாதியாவதில்லை. எனவே புள்ளிகள் மிஞ்சும். மிஞ்சுவதை வீணாக்காமல் இருக்க வரிசையில் நிறையத் தொழில்நுட்பங்களை முன்கூட்டியே அடுக்கிவைக்க வேண்டும், அல்லது சில கோள்களை ஆராய்ச்சியிலிருந்து தொழிலுக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கல், கட்டுமானம் ஆராய்ச்சியின் பின்னால் ஓடி மூச்சுவாங்குவது. புதிய கவசம் கிடைத்து, படையை அதற்கு மேம்படுத்திக்கொண்டிருக்கையிலேயே அடுத்த கவசம் கிடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் படையைக் கப்பல்துறைக்கு இழுத்தால் படை துறையிலேயே கிடக்கும். ஒரு படியை விட்டு ஒரு படி மேம்படுத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தானாக வடிவமைப்பைப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதை அணைத்து வைப்பதும் உதவும்.

ஒன்பதாம் படி: முதல் ஆட்டங்களுக்கான அமைப்பு

முதல் ஆட்டத்தை ஆராய்ச்சிச் செலவு இயல்பாக, கடினநிலை தாழ்வாக, மண்டலம் நடுத்தரமாக வைத்து விளையாடுங்கள். அந்த ஆட்டத்தில் வெல்வது முக்கியமில்லை. ஒரு சிறு குறிப்பு எடுப்பதே முக்கியம். பத்தாண்டுக்கு ஒருமுறை மாதவரவையும் அப்போது ஆராயும் தொழில்நுட்பத்தின் விலையையும் எழுதி, பின்னதை முன்னதால் வகுத்து, எத்தனை மாதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2210இல் இருபதுக்குப் பக்கத்தில் இருந்த எண் 2300இல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் உங்கள் விளையாட்டு முறையில் ஆராய்ச்சி விரைகிறதா, தேங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் ஆட்டத்தில் செலவை மட்டும் மாற்றுங்கள். முதல் ஆட்டத்தில் நெருக்கடி வருவதற்கு வெகு முன்பே மரத்தை முடித்திருந்தால் ஒன்றரை மடங்குக்குப் போகலாம். நெருக்கடியின்போது பாதி மரம் மிச்சமிருந்திருந்தால், செலவைக் குறைக்கும் முன் கோள்களின் அளவைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். புதியவர்களிடம் பெரும்பாலும் குறைவது மக்கள்தொகைதான், மலிவான தொழில்நுட்பம் அதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டமென்றால் செலவை இயல்பிலேயே விடுவது நல்லது, ஏனெனில் தொடக்கத்தில் சிறிது முந்தியவருக்குக் குறைந்த செலவு மிக வேகமாகக் கைகொடுக்கும்.

ஆராய்ச்சிச் செலவு, கோள்களின் அளவு, மண்டலத்தின் அளவு போன்ற தொடக்க அமைப்புகளை ஆட்டம் ஆரம்பித்த பிறகு வழக்கமாக மாற்ற இயலாது. எனவே தொடங்கு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் அமைப்புத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்துச் சேமித்த கோப்பைத் திறக்கும்போது செலவை எவ்வளவு வைத்தோம், இறுதிக்கட்டத்தை எந்த ஆண்டுக்குத் தள்ளினோம் என்று நினைவிருக்காது. அடுத்த ஆட்டத்தின் அமைப்பை அந்தப் படத்தையும் பத்தாண்டுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தீர்மானிக்க முடியும்.